ஜெனரலுக்குப் போர்த்திய பொன்னாடை

ரெலிபோனை எப்படி எடுப்பது, கோபத்தோடு வருகிறவரை எந்தக் கதிரையில் இருத்துவது, ஒட்டாவாவிலிருந்து பதில் வராவிட்டால் யாரைக் குடைவது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்தில் வேலை செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாயைத் திறக்கவும் மூடவும் தெரிந்தால் போதும். எதை எப்போது செய்வது என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். நான் அதைக் கற்றுக்கொண்டது ஓர் ஆமிக்காரரிடம். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இப்படிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கே சில வேளை சிரிப்பு வருகிறது.

ஓய்வு பெற்ற பிறகு அந்த வருடங்கள் எனக்குக் கனவாகத்தான் திரும்பி வருகின்றன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகம் வந்துவிடும். கீழே சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி கொத்துகிற சத்தம். கண்ணாடியில் படிந்த மங்கல். வெளியே பனி. நினைவில் எல்லா நாளும் பனி பெய்துகொண்டே இருக்கிறது. ஜூலை மாதத்தில் நடந்தவற்றிலும் பெய்கிறது. அந்த வெள்ளைக்குள் ஓர் உயரமான மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கார்கள் வருவதையும் போவதையும் பார்த்தபடி நிற்பார். அவர்தான் எங்கள் ஜெனரல். பெயர் வேண்டாம். அவருக்கும் அது பிடிக்காது.

வாழ்நாளின் பெரும் பகுதியை இராணுவத்தில் கழித்தவர். ஐ.நா. சமாதானப் படையோடு போய், எனக்குப் பெயர் உச்சரிக்க வராத ஊர்களில் எல்லாம் கூடாரம் அடித்து இருந்தவர். தளபதியாக இளைப்பாறி, எங்கள் தொகுதியில் தேர்தலில் நின்று வென்று, வந்த வேகத்திலேயே பொதுப் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆகிவிட்டார். எல்லை, பொலிஸ், சிறை, வெள்ளம், காட்டுத்தீ எல்லாம் அவர் தலையில். ஒட்டாவாவில் அவருக்குப் பெரிய அமைச்சுக் கந்தோரும் நிறைய ஆட்களும் இருந்தார்கள். ரொறன்ரோவில் அவருக்கு இருந்தது நானும், அடிக்கடி மூச்சு நின்றுபோகும் ஒரு கோப்பி மெஷினும், வந்து வந்து போகும் உங்களைப் போன்ற பிள்ளைகளும்தான்.

அவர் முதன்முதல் எங்கள் படியேறி வந்த நாளைச் சொல்ல வேண்டும். சீருடை இல்லை, சாதாரணக் கோட்டுத்தான். ஆனால் அந்த நடை இருக்கிறதே! சப்பாத்துச் சத்தம் படியில் கேட்டதுமே எனக்கு முதுகு விறைத்துவிட்டது. அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் எழுந்தேன். என் கை தன் பாட்டில் கைப்பைக்குள் போய், ஓட்டுநர் உரிமத்தை எடுத்து, அவரிடம் நீட்டிவிட்டது. சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டிறங்கி அடையாள அட்டையை நீட்டி நீட்டிப் பழகிய கை அது. ரொறன்ரோவுக்கு வந்து தலை நரைத்த பிறகும் அதற்கு ஒன்றும் மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. எனக்கு வெட்கத்தில் காது கொதித்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. இப்படி நீட்டிய கைகளை எங்கெங்கே பார்த்திருந்தாரோ. உரிமத்தை வாங்கி, என் பெயரை மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார். "வ-ன-ஜா." திருப்பித் தந்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, "இப்போது நீங்கள் என்னுடையதைப் பாருங்கள்" என்றார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு நினைவில் வருவது தமிழில். நான் அட்டையைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். "சரி, நீங்கள் போகலாம்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அன்றைக்கே எனக்கு அந்த மனிதரில் ஒரு பட்சம் வந்துவிட்டது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கூட்டமென்றாலும், அறையில் ஆகக் கீழே இருக்கிறவர்தான் முதலில் பேச வேண்டும். பிறகு அடுத்தவர், அதற்கு மேலே இருப்பவர், அப்படியே போய்க் கடைசியில்தான் அவர். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த அறையில் எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். இராணுவத்தில் பழகியதாம். "எதற்காக இப்படி?" என்று ஒரு நாள் கேட்டேன். "நான் முதலில் பேசிய நாள் ஒன்று இருந்தது" என்றார்.  அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நான் மேலே கேட்கவில்லை.

இந்த வழக்கம் எங்கள் சனத்திடம் செல்லுமா? எங்கள் ஆட்கள் எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. ஒருவருக்குத் துன்பம் வந்தால் ஒரு பெரிய குழு படியேறி வரும். முன்வரிசையில் தலைவர், செயலாளர், பொருளாளர், யாராவது ஓர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். துன்பப்படுகிற ஆள் கதவோரம். அவருடைய கதையை அவரைத் தவிர மற்ற எல்லோரும் சொல்வார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பாவம், நொந்துபோயிருக்கிற ஆளைக் கதைக்க வைத்து மேலும் நோகப்பண்ணுவானேன் என்ற இரக்கம்தான். அந்த இரக்கத்தால் ஒரு குடி முழுகப் பார்த்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ஜெசிந்தா அப்படித்தான் கதவோரம் நின்றாள். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடியில் இருந்தாள். முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை. அவளுடைய புருஷன் அன்ரனை எல்லைச் சேவை பிடித்துத் தடுப்பில் வைத்திருந்தது. அவனுடைய அகதிக் கோரிக்கை எப்போதோ நிராகரிக்கப்பட்டிருந்தது. பிறகு இவளைக் கல்யாணம் கட்டி, இவள் அவனை ஸ்பொன்சர் பண்ணி, அந்த விண்ணப்பம் ஊர்ந்துகொண்டிருந்தது. நடுவில் எல்லைச் சேவை அவனை ஒரு நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அவன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எவருக்கும் தெரியாது. கேட்டால், "போகேலாமல் போச்சு" என்பானாம், அவ்வளவுதான். போகாதவனுக்குப் பிடியாணை வந்தது. பிறம்ரனில் பண்டகசாலை வேலைக்குப் போகும் வழியில் பொலிஸ் காரை மறித்தபோது அது வெளியே வந்தது. சனிக்கிழமை விமானம் பதிவாகிவிட்டது. அதற்கு முன் யாராவது "இதை மறுபடி பாருங்கள்" என்று சொன்னால் அவன் இருப்பான். சொல்லாவிட்டால் போவான்.

குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் அருளப்பு அண்ணை. ஊர்ச் சங்கத் தலைவர். தங்கமான மனுசன். செத்த வீடென்றால் முதலில் கதிரை அடுக்குவது அவர்தான். கடைசியில் கூட்டித் துடைத்துவிட்டுப் போவதும் அவர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஜெனரல் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, நேராகக் கதவோரத்தைப் பார்த்தார். "முதலில் நீங்கள்" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

ஜெசிந்தா நிலத்தைப் பார்த்தாள். "தலைவர் அண்ணை சொல்லுவார்."

"உங்களிடம்தான் கேட்கிறேன்" என்றார் ஜெனரல்.

அவள் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தது, மூடியது. அருளப்பு அண்ணை எழும்பிவிட்டார்.

"பிள்ளைக்குக் கூச்சம். நான் சொல்லுறன்."

சொன்னார், ஐயா, சொன்னார்! ஜெனரல் போகாத யுத்தங்களில் எல்லாம் அவரைப் போகவைத்தார். அவர் இந்தத் தொகுதிக்குக் கிடைத்தது எங்கள் தவப்பயன் என்றார். அன்ரன் கோயில் பாட்டுக் குழுவில் பாடுவதையும், கள்ளுச் சாராயம் தொடாதவன் என்பதையும் சொன்னார். நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போய்த் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. பொலித்தீன் பையிலிருந்து சரிகைப் பொன்னாடை ஒன்று வெளியே வந்து, விரிந்து, ஜெனரலின் தோளில் விழுந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். பொருளாளர் போனில் படம் பிடித்தார்.

 ஜெனரல் பொன்னாடையை எடுத்து, கொடியை மடிக்கிற பக்குவத்தோடு மடித்து, மேசையில் வைத்தார். "உங்கள் அன்புக்கு நன்றி. இதை நான் வைத்துக்கொள்ள முடியாது" என்றார். நான் அதைத் தமிழில் சொல்லும்போது எத்தனையோ சீனி சேர்த்துச் சொன்னேன். முகங்கள் கறுத்துத்தான் போயின. இருந்தும் எங்கள் அருளப்பு அண்ணை படியிறங்கி முடிவதற்குள் படத்தை முகநூலில் போட்டுவிட்டார். "அன்ரனைக் காப்பாற்ற வாக்களித்த வீரத் தளபதிக்குப் பொன்னாடை" என்று தலைப்பு வேறு. ஜெனரல் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அன்ரனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கோப்பு இனி என் மேசைக்கு வரக்கூடாது. என்னிடம் கேட்கவும் கூடாது. வேறோர் அமைச்சருக்குப் போகட்டும். இந்தத் துணியை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

எனக்கு வந்த கோபம்! நீங்கள் அமைச்சரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் பிடித்தேன். "ஒரு சால்வைக்காக ஒரு மனிதனை விமானத்தில் ஏற்றிவிடப் போகிறீர்களா? மற்ற அமைச்சர் கோப்பைத் திறந்து பார்ப்பதற்குள் சனிக்கிழமை போய்விடும். உங்களுக்கு உங்கள் பெயர்தானே பெரிது!" என்று கத்தினேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கீழே கொத்துகிற சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. "நான் இன்றைக்கு ஒரு சொல் சொல்லி அந்த மனிதர் இங்கே தங்கினால், அடுத்த கிழமை இந்தப் படியில் எத்தனை பேர் சால்வையோடு நிற்பார்கள்? சால்வையும் சங்கமும் இல்லாதவர் எங்கே போவார்?" என்று கேட்டார்.

 இன்றைக்கும் அதற்கு எதிராகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவரில் இருந்த பட்சமெல்லாம் போய்விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோட்டை மாட்டிக்கொண்டு ஒட்டாவாவுக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்றார். "இதை நான் ஒரு வேலையாகச் சொல்லவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த அறையில் ஒருவர் இன்னும் பேசவில்லை." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பொன்னாடையைத் திருப்பிக் கொண்டுபோனபோது அருளப்பு அண்ணை அதைத் தொடவேயில்லை. "போர்த்தின சால்வையைத் திருப்பித் தாற மனுசனை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீன்கடையில் ஓர் அன்ரி என் காதில் விழவேண்டுமென்றே சொன்னார்: "ஆமிக்காரன் எல்லா இடத்திலையும் ஆமிக்காரன்தான். இவ வனஜாவும் அவனுக்கு வால் பிடிக்கிறா." நான் வாங்கிய விளைமீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மனம் பற்றி எரிந்தது.

மீன் இல்லாத கையோடு வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகாமல் ஜெசிந்தாவிடம் போனேன். மோர்னிங்சைட்டில் அவளுடைய வீடு மேல் மாடியில். பகல்தான், ஆனால் பனி கனத்துப் பெய்ததால் கீழே தெருவும் தெரியவில்லை, பள்ளத்து மரங்களும் தெரியவில்லை. அந்த வீடு எதிலும் தொடாமல் வெள்ளைக்குள் மிதக்கிற மாதிரி இருந்தது. இருவருமே யாரோ காணுகிற கனவுக்குள் இருக்கிறோமோ என்று எனக்கு ஒரு மயக்கம். அவள் தேத்தண்ணி தந்தாள். நான் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிள்ளைகளே, சும்மா இருப்பது லேசான வேலை இல்லை. என் வாயில் ஆறுதல் சொற்கள் வந்து வந்து முட்டின. "எல்லாம் சரிவரும்" என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் வாய் மூடியே இருந்திருக்கும். தேத்தண்ணி ஆறிப்போனது. ஆடை படிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா" என்றாள் கடைசியில். "அண்டைக்கு அவர் என்னோட ஆஸ்பத்திரியில நிண்டவர்."

நேர்முகம் வைத்த நாள். விடியவே அவளுக்கு வயிற்றுக்குத்து வந்து, இரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. அன்ரன் அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான்.

"பிள்ளை தங்கேல்லை, அக்கா. இதுக்கு முதலும் ஒண்டு இப்பிடித்தான் போனது. பூசை முடிஞ்சு வெளியில வந்தாலும் கேக்கினம், ஒண்டுகூடலுக்குப் போனாலும் கேக்கினம், இன்னும் விசேஷம் ஒண்டுமில்லையோ எண்டு. ரெண்டு தரம் போட்டுது எண்டு தெரிஞ்சா என்னை என்ன மாதிரிப் பாப்பினம்? ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு அவரிட்டைச் சத்தியம் வாங்கினனான்."

"லோயருக்கும் சொல்லேல்லையோ?"

"லோயரிட்டையும் அருளப்பு அண்ணைதானே கூட்டிக்கொண்டு போனவர். அவருக்கு முன்னால நான் என்னெண்டு இதைச் சொல்லுறது?" அவள் அழத் தொடங்கினாள். "அவர் உள்ளுக்கை கிடந்தும் சொல்லேல்லை அக்கா. நேற்று போனில கெஞ்சினன், இனிச் சொல்லுங்கோ எண்டு. 'அது உன்ர கதை, நான் சொல்ல ஏலாது, நீ சொன்னாத்தான்' எண்டு சொல்லிப்போட்டார்."

நானும் அழுதேன். அலுவலகத்தில் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லலாம். அது அவளுடைய வீடு. ஒரு மனிதன் விமானத்தில் ஏற்றப்படுவதற்கும் தயாராக, பெண்சாதிக்குக் கொடுத்த சொல்லைக் காத்துக்கொண்டு அங்கே கிடக்கிறான். நாங்கள் என்னடாவென்றால் அவன் கள்ளுக் குடிக்காதவன் என்று கதை சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

"அப்ப நீதான் பிள்ளை சொல்ல வேணும்" என்றேன்.

"எனக்கு வெக்கமாக் கிடக்கு அக்கா."

"என்ன வெக்கம்? ஆரின்ரையும் வீட்டிலை களவெடுத்தனியே?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கே என் குரல் கொஞ்சம் கூடிப்போனது போல இருந்தது. ஆனால் அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வழக்கறிஞரோடு அவளே, தனியாகக் கதைத்தாள். அவர் ஆஸ்பத்திரியில் கேட்டு வேண்டியதை எடுத்து, விமானத்தை ஒத்திவைக்கச் சொல்லிப் புது மனுக் கொடுத்தார். முடிவெடுக்க வேண்டிய அதிகாரி, அவளை நேரில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எல்லைச் சேவையின் ஒரு கந்தோர். எங்கள் அமைச்சரின் பெயர் எந்த இடத்திலும் வரக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய கட்டடத்துக்குக் கீழே போனால், அருளப்பு அண்ணை காரோடு நிற்கிறார். கோட்டும் சூட்டும், கழுத்தில் ரையும். "காரை நான் ஓடுறன். அங்கை போய் நான் கதைக்கிறன். என்ர இங்கிலீசைக் கேட்டா அவங்கள் மடங்கிப்போவாங்கள்." கோபமெல்லாம் அவருக்கு ஜெனரலோடுதான். பிள்ளையைத் தனியே விடமாட்டார். அப்படிப்பட்ட மனுசன்.

நெடுஞ்சாலையில் ஏறினோம். விமான நிலையம் கிட்டக் கிட்ட, மேகத்துக்குள்ளிருந்து விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல், தாழ இறங்கிக்கொண்டிருந்தன. ஜெசிந்தா கண்ணை எடுக்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாமே இறங்குகிறவை. ஏறுகிற ஒன்றைக்கூட நான் காணவில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கந்தோர் வாசலில் காரை நிறுத்தியதும் அருளப்பு அண்ணை ரையைச் சரி செய்தார். உள்ளே அவர் போனால் எல்லாம் முடிந்தது. அவருக்கு முன்னால் அவள் வாய் திறக்க மாட்டாள். காரணத்தை அவருக்குச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. யோசிக்க நேரமும் இல்லை. ஜெசிந்தா கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அண்ணை, நீங்கள் காரிலை இருங்கோ."

"என்ன? நான் சங்கத் தலைவர்!"

"அதாலைதான் சொல்லுறன். இண்டைக்கு அவள் தனியக் கதைக்கட்டும். அவளின்ர புருஷன்."

"அவள் வாயில்லாப் பூச்சி. ஒண்டும் சொல்லாமல் வந்திடுவாள். பிறகு நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது, நீயோ?"

"ஓம். நான்."

"உனக்கு அந்த ஆமிக்காரன்ர பழக்கம் தொத்தீட்டுது, தங்கச்சி."

"ஓம் அண்ணை, தொத்தீட்டுது."

நானும் உள்ளே போகவில்லை. அமைச்சரின் அலுவலகத்து ஆள் அந்த அறையில் இருக்கக்கூடாது. வழக்கறிஞர் வாசலில் காத்திருந்து ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு போனார். அருளப்பு அண்ணையும் நானும் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, நாங்கள் மிதிவெடி என்று சொல்லும் முட்டை ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் இருந்தோம். அவர் என் பக்கம் திரும்பாமல் செபமாலையை எடுத்து உருட்டினார். கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொண்டு வந்தது. துடைப்பான் ஒரு தரம் அசைந்து வெளியைக் காட்டும், மறுபடி மூடும். நான் சொல்லிவிட்டேனே "ஓம், நான்" என்று! உள்ளே அவள் வாயடைத்துப்போய் இருந்தால்? அன்ரன் போய்விட்டால் இந்தச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பேன்? கைகளைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். அண்ணை அதைக் கண்டு ஹீற்றரைக் கூட்டினார்.

ஜெசிந்தா வந்தாள். முகம் முழுக்க ஈரம். அருளப்பு அண்ணை பாய்ந்து இறங்கினார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னன் அண்ணை."

அவர் அடுத்ததைக் கேட்க வாயைத் திறந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். வாயை மூடினார்.

"சரி. குளிருது, ஏறு. கோப்பி வாங்கித் தாறன்" என்றார். அருளப்பு அண்ணையை எனக்கு எவ்வளவோ காலமாகத் தெரியும். அவர் கேட்காமல் விட்ட கேள்வி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பின்னேரம் வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டார். விமானம் இல்லை. விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அன்ரன் வீட்டில் இருக்கலாம். நான் போனை வைத்தேன். ஜெனரல் ஒட்டாவாவிலிருந்து வந்து உள் அறையில் இருந்தார். ஓடிப்போய் அவருடைய கதவைத் திறந்தேன்.

அவர் கையை உயர்த்தினார். "அந்தக் கோப்பா?"

"ஓம்."

"சொல்ல வேண்டாம். அது என்னுடையதல்ல."

சொல்ல ஓடிவந்த சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. இந்த மனிதருக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று, கண்ணை மேசைத் தாளில் குத்திக்கொண்டு இருந்தார். தாள் வெறுந்தாள். போன பட்சமெல்லாம் எனக்குத் திரும்பி வந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஜெசிந்தாவிடம் சொல்லிவைத்தேன்: நன்றி சொல்ல வரக்கூடாது. கேக் வரக்கூடாது. போன்கூட எடுக்கக்கூடாது. அவர் ஒன்றும் செய்யவில்லை, செய்ததாக எவரும் சொல்லவும் கூடாது. "என்னக்கா, அவர்தானே முதல் முதல் என்னைக் கேட்டவர்" என்றாள். "உண்மைதான். வாயை மூடிக்கொண்டிரு" என்றேன். எங்கள் சனத்தை என்ன கஷ்டத்தையும் தாங்கச் சொல்லலாம்; நன்றி சொல்லாமல் இருக்கச் சொன்னால்தான் தவித்துப்போவார்கள். அவள் அதையும் தாங்கினாள்.

அடுத்த தேர்தலில் ஜெனரல் தோற்றார். நாட்டில் காற்று மாறி அடித்தது ஒரு காரணம். பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்தவர் என்ற கதை வீட்டுக்கு வீடு போனது இன்னொன்று. அன்ரன் எப்படித் தங்கினான் என்று கேட்டவர்களுக்கு அருளப்பு அண்ணை, "மாதாவின்ர புதுமை" என்றார். தோற்ற அன்று ஜெனரல் எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஊரோடு சண்டைக்குப் போகவேண்டும் போல இருந்தது.

கந்தோரை ஒழித்துக்கொடுத்த கடைசி நாள், ஆளுக்கொரு பெட்டியோடு நானும் அவரும் கீழே இறங்கினோம். பிளாசாவின் கண்ணாடிக் கதவுக்குக் கிட்டப் போனபோது, கை நிறைய மரக்கறிப் பைகளோடு வந்த ஒருவன் முதுகால் கதவைத் தள்ளிப் பிடித்து எங்களுக்கு வழி விட்டான். அவனுக்குப் பின்னால், குளிர்த்தொப்பிக்குள் முகம் பாதி மறைந்தபடி ஜெசிந்தா. அவள் என்னைப் பார்த்தாள். நன்றி சொல்லட்டோ என்று கண்ணால் கேட்டாள். நான் வழக்கம்போல வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவள் அவனுடைய கைச்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல குளிர் இன்று" என்றார் ஜெனரல், கடந்து போகிற ஒருவரிடம் சொல்கிற மாதிரி.

"யெஸ், சேர்" என்றான் அவன். 

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். காரில் பெட்டிகளை ஏற்றினோம். அவன் இன்னும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றான். பனி உள்ளே அடித்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் உள்ளேயிருந்து, "கதவைச் சாத்தடாப்பா, விறைக்குது!" என்று கத்தினார். அவன் சாத்தவில்லை.

ஜெனரல் காரில் ஏறி இருந்துகொண்டு கேட்டார்: "அந்த மனிதர் ஏன் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் இனி அமைச்சர் இல்லை. எனக்கும் இனி வாயை மூடிக்கொண்டிருக்கக் காரணம் இல்லை.

"அவர்தான் அன்ரன்" என்றேன்.

  அவர் கார்க் கதவைத் திறந்து இறங்கி, வலக்கைக் கையுறையைக் கழற்றிக்கொண்டே அன்ரன் நின்ற பக்கம் திரும்பி நடந்தார்.